போடிமெட்டு ஏற்றத்தில் காரைக் கைவிட்ட இரண்டு ஃபேன்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு இந்தப் பக்கம் சித்திரை வருசப் பிறப்பு, அந்தப் பக்கம் விஷு. கேரளப் பக்கத்துப் பூப்பாறையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டுக்குப் போக அம்மாவைக் காரின் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு மேல் போடியிலிருந்து கிளம்பினேன். முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே வரிசை கட்டி நின்றது. மூணாறு போகிற வேன்கள், லீவுக்கு வந்த கார்கள், நடுவில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று. முதல் கியர், பிரேக், மறுபடி முதல் கியர் என்றுதான் நகர முடிந்தது.

முதலில் தெரிந்தது எஞ்சின் சூடு இல்லை, ஏசி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியபோது காற்றில் குளுமை போயிருந்தது. “ஏசியை அமத்திட்டியாப்பா, புழுங்குது” என்று அம்மா கேட்டார். நான் அமத்தவில்லை. ஐந்தாவது வளைவில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டியது. பத்து வருசமாகப் பாதியிலேயே அசையாமல் நின்ற முள் அது. ஏழாவது வளைவுக்கு முன்னால் முக்காலுக்குப் போய்விட்டது.

ஏசியை நிறுத்தினேன். ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை நாலாம் நம்பரில் திருப்பினேன். சித்திரை வெயிலில் ஹீட்டர் போடுவது கொடுமைதான், ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர், எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட் திரவம் ஆறுகிற இடம். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கி வண்டிக்குள் கொட்டிவிடும். முள் ஏறுவது நின்றது. அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, எஞ்சினை ஓடவிட்டபடியே பானெட்டைத் தூக்கினேன்.

ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு ஃபேன். வலது பக்க ஃபேன் அசையவே இல்லை. இடது பக்க ஃபேன் சுற்றியது, ஆனால் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்ற வேகத்தில். பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து மூடியைத் திறக்கச் சொன்னார். உதவ வந்த மனுசர்தான். கையைப் பிடித்துத் தடுத்தேன். மூடி போட்ட ரேடியேட்டருக்குள் கூலன்ட் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருப்பது உள்ளே இருக்கும் அழுத்தத்தால்தான். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போகும், அத்தனையும் ஒரே கொதியாக முகத்துக்கு வரும். இந்த மலைப்பாதையில் கை, மார்பு வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அரை மணி நேரம் ஆறவிட்டு வண்டியைத் திருப்பினேன். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன். இறக்கத்தில் கியரில் விட்டால் எஞ்சினுக்கு ஏறக்குறைய பெட்ரோலே போகாது, எதிர்க்காற்றும் ரேடியேட்டரில் அடிக்கும். முந்தல் வந்து சேர்வதற்குள் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. தங்கச்சிக்குப் போன் செய்து சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். விஷுக்கணி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வண்டியின் கதை

2014 மாடல் பெட்ரோல் கார், 86,000 கிலோமீட்டர் ஓடியது. இந்த வகை வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் கூட்டுக்குள், மெக்கானிக்குகள் ஷ்ரவுட் என்று சொல்வதற்குள், இரண்டு மின்சார ஃபேன். இரண்டும் முன்பக்கக் காற்றை உறிஞ்சி எஞ்சின் பக்கம் தள்ளுபவை. எஞ்சின் சூடானால் ஒன்று ஓடும். ஏசி போட்டால் இரண்டும் ஓடும்.

இதில் ஒரு முன்கதை இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மாசி மாதமே ஏசி சரியில்லை. வண்டி ஓடும்போது குளிரும், சிக்னலில் நின்றால் வெறும் காற்று வரும். ஒரு ஏசி கடையில் காட்டினேன். கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றிவிட்டு 1,800 ரூபாய் வாங்கினார்கள். பதினைந்து நாளில் பழைய கதைதான். ஓடும்போது குளிர்ந்து நின்றால் குளிராத ஏசிக்கு முதலில் பார்க்க வேண்டியது கேஸ் அல்ல, ஃபேன். கண்டென்சர் வழியாகக் காற்று போகாவிட்டால் கேஸின் அழுத்தம் எகிறும், பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். வலது ஃபேன் அப்போதே செத்திருக்க வேண்டும். இரண்டு மாதம் இடது ஃபேன் ஒற்றை ஆளாய் இரண்டு பேர் பாரத்தைச் சுமந்திருக்கிறது. கடையில் யாராவது பானெட்டைத் திறந்து ஒரு நிமிசம் எட்டிப் பார்த்திருந்தால் சித்திரை முதல் நாள் அம்மா மலைப்பாதையில் வெயிலில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

சூடு ஏறுகிற வண்டியில் ஃபேன்தான் காரணமா என்று அறிய ஓர் எளிய கேள்வி போதும்: எப்போது ஏறுகிறது? மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் காற்றோட்டத்தில்தான் குறை. நாலு வழிச் சாலையில் 90-ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வந்தால் எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் பக்கம் பார்க்க வேண்டும். என் வண்டி முதல் வகை. மறுநாள் காலை, முழுக்க ஆறிய பிறகு, மூடி திறந்து பார்த்தேன். கூலன்ட் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. எண்ணெய்ப் படலம் இல்லை, குமிழி இல்லை. கேஸ்கட் பிழைத்தது.

மாமாவின் ஹெட்லைட் பல்பு

என் தாய்மாமா முப்பது வருசம் ஜீப் மெக்கானிக்காக இருந்தவர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறுகிற ஜீப்களில் பாதி அவர் கை பட்டவை. “எங்க ஜீப்ல ஃபேன் எஞ்சினோட பெல்ட்டுல கெடக்கும். எஞ்சின் சுத்தினா அதுவும் சுத்தித்தான் ஆகணும். ஒன் வண்டியில அது கரண்டை நம்பிப் பொழைக்குது. அப்ப மொதல்ல கரண்டு வர்ற வழியப் பாரு மாப்ள, ஃபேனை அப்புறம் பாக்கலாம்” என்றார்.

நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஃபியூஸ் இரண்டும் நன்றாக இருந்தன. ஏசி பட்டனை அமுக்கினால் ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே சுவிட்ச் இரண்டும் ‘டிக்’ என்றன. மோட்டாருக்கு ஒயர் சொருகும் கப்ளரைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப் என்ற சின்னச் சோதனை விளக்கை வைத்தேன். இரண்டிலும் எரிந்தது. எனவே மோட்டார் இரண்டும் போச்சு என்று முடிவு கட்டியிருந்தேன்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் போய்ப் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு ஒயர் பற்றவைத்தது. “ஒன் டெஸ்ட் லேம்ப் ஒரு மடக்குத் தண்ணி கேக்குற பிள்ள. மோட்டார் ஒரு குடம் கேக்கும். மடக்கு வருதுன்னா குடமும் வரும்னு எப்படிச் சொல்லுவ?” என்றார்.

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று சொல்லலாம். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஏறக்குறைய ஐந்து ஆம்பியர் இழுக்கும். ஃபேன் மோட்டார் எட்டு, பத்து என்று இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு சின்ன விளக்குக்குத் தேவையான கரண்டை விட்டுவிடும், பெரிய கரண்டு கேட்டால் அங்கேயே வோல்ட்டேஜைத் தின்றுவிடும்.

வலது கப்ளரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. வழி சரி, மோட்டார்தான் செத்தது. இடது கப்ளரில் அதே பல்பு மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாக மங்கி எரிந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பு எரியும்போது கப்ளரில் 9.6. பாக்கி 2.8 எங்கே போனது? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கப்ளரின் எர்த் ஒயரிலும், அதாவது கரண்டு பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் ஒயரிலும், வைத்தபோது 2.1 காட்டியது. நல்ல எர்த்தில் இது புள்ளி இரண்டு, புள்ளி மூன்றைத் தாண்டக் கூடாது. இடது ஹெட்லைட்டுக்குக் கீழே பாடியில் முடுக்கியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினோம். வளையத்துக்கு அடியில் செந்துரு, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தகரம் வெள்ளையாகும்வரை தேய்த்து, புது வளையம் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மங்கிய பல்பு பளிச்சென்றது. மீதி 0.7 வோல்ட் ரிலேயின் கருகிய முனையில் போய்க்கொண்டிருந்தது, ரிலேயையும் மாற்றினேன்.

ஒரே வண்டியில், பக்கத்துப் பக்கத்தில், சரியாக ஓடாத இரண்டு ஃபேனுக்கு இரண்டு வேறு நோய்கள். மோட்டார் இரண்டையும் மட்டும் மாற்றியிருந்தால் இடது பக்கப் புது மோட்டாரும் பழையது மாதிரியே சோம்பிச் சுற்றியிருக்கும். நானும் போலிச் சாமான் தந்துவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டியிருப்பேன்.

அப்படியானால் இடது மோட்டாரை விட்டுவிடலாமே? யோசித்தோம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தனி ஒயரில் நேராகக் கொடுத்துப் பார்த்தோம். சுற்றியது, ஆனால் கரகரவென்று ஒரு சத்தம். ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 14 ஆம்பியர் காட்டியது. இறக்கையை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் கொடுத்தது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் உரசத் தொடங்கியிருக்கிறது. இரண்டு மாதம் ஒற்றையாய் உழைத்ததன் கூலி அது. இரண்டையும் மாற்றுவது என்று முடிவு செய்து மதுரையில் இரண்டு மோட்டார், இறக்கையோடு, 5,400 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய ஷ்ரவுட்டே போதும்.

கழற்றுவது

வேலை இரண்டு மணி நேரம்தான். ஆனால் முதல் காரியத்தைத் தவறவிடக் கூடாது: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, தொடாத மாதிரி ஒதுக்கி வைக்க வேண்டும். சாவி எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். இறக்கைக்கு நடுவில் விரல் இருக்கும்போது அது நடந்தால் விரல் போகும்.

என் வண்டியில் ஷ்ரவுட்டை மேலே தூக்க மேல் ஹோஸ் வழிவிடவில்லை, அதனால் கூலன்ட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. அடியில் அகலமான பேசின் வைத்துப் பிடித்தேன். ஒரு சொட்டும் தரையில் நிற்கக் கூடாது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். எங்கள் தெருவில் நாய்களோடு ஆடுகளும் அலைகின்றன. இறக்கியதை மூடி போட்ட கேனில் அடைத்து மேல் பரணில் வைத்தேன், வாசல் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.

பிறகு இரண்டு கப்ளர், ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப்புகள், மேலே இரண்டு பத்தாம் நம்பர் போல்ட். ஷ்ரவுட்டின் கீழ்க்கால்கள் ரேடியேட்டரின் காடியில் சொருகி நிற்பவை, போல்ட் இல்லை. நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். சாய்த்து இழுத்தால் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கும். ஓர் அட்டையை இடையில் சொருகிக்கொண்டு தூக்கினேன்.

வலது மோட்டாரைத் திண்ணையில் வைத்துப் பிரித்தேன். கைக்குள் கறுப்புத் தூள் கொட்டியது. ஆர்மேச்சருக்குக் கரண்டு கொடுக்கும் நாலு கார்பன் துண்டுகளில் இரண்டு, ஒயர் தெரியுமளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் தள்ளியும் ஆர்மேச்சரைத் தொடவில்லை. இதனால்தான் மோட்டாரை ஸ்பானரால் தட்டினால் சில சமயம் சுற்றும், தட்டும்போது கார்பன் ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும். தட்டிச் சுற்றினால் சரியாகிவிட்டது என்று நினைத்து மலையேறக் கூடாது.

இறக்கையை மோட்டாரோடு பிடித்திருக்கும் நடு நட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மோட்டார்களில் அது இடது மரை, வழக்கத்துக்கு எதிராக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிடிவாதமாக இடப்பக்கம் முறுக்கினால் இறக்கை உடையும். எனக்கு இறக்கையோடு வந்ததால் அந்தச் சிரமம் இல்லை. இறக்கையில் சின்னத் தகரக் கிளிப் ஒன்று சொருகியிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். அழுக்கு இல்லை, எடை சமனுக்காக வைத்தது.

இரண்டுக்கும் நடுவில் இருந்த பஞ்சு மெத்தை

ஷ்ரவுட் வெளியே வந்ததும் ரேடியேட்டரின் பின்முகம் தெரிந்தது. சுத்தமாக இருந்தது. முன்னால் கிரில் வழியாகப் பார்த்தால் கண்டென்சரும் பரவாயில்லை. மாமா டார்ச்சை மேலிருந்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் இரண்டு விரல் இடைவெளியில் அடித்தார். “இங்க வந்து பாரு” என்றார்.

இலவம்பஞ்சு. ரேடியேட்டரின் முன்முகத்தில் முக்கால் பங்கை மூடி, சாம்பல் நிறத்தில், ஒரு கம்பளம் மாதிரி.

போடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் இலவமரம் காய்த்து வெடிக்கிற பங்குனி, சித்திரையில் பஞ்சு பறக்காத தெரு கிடையாது. மெத்தைக்கும் தலையணைக்கும் இங்கிருந்து ஊர் ஊராகப் போகிறது. பஞ்சு பிரிக்கிற பட்டறைகளைத் தாண்டித்தான் நான் தினமும் வண்டி ஓட்டுகிறேன். கண்டென்சரின் இடுக்குகளில் ஓர் இழையாக நுழைந்து, பின்னால் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளில் சிக்கிக்கொள்கிறது. பத்து வருசம், ஒவ்வொரு சீசனும் ஓர் அடுக்கு.

வருசத்துக்கு ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விடுகிறேனே, இது எப்படித் தங்கியது என்று எனக்கு முதலில் புரியவில்லை. விடை பஞ்சிலேயே இருக்கிறது. இலவ இழை உள்ளே குழாய் மாதிரி காலி, வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் எண்ணெயை மட்டும் அள்ளிக் குடிக்கும். எஞ்சினிலிருந்தும் ரோட்டிலிருந்தும் வரும் எண்ணெய்ப் புகையைக் குடித்து, தூசியைப் பிடித்து, கம்பளமாக இறுகிவிட்டது. வாட்டர் சர்வீஸில் அடிக்கிற தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பலமாக அடித்தால் இன்னும் உள்ளேதான் அமுக்கும்.

ஆகவே உலர்ந்த வேலைதான் செய்ய வேண்டும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, தகடு போகிற திசையிலேயே கிளப்பினோம். கம்பளம் ஓரத்தில் விட்டதும் மாமா விரலால் பிடித்து மெதுவாக உரித்தார். உள்ளங்கை அகலத் துண்டுகளாக வந்தது, தகடுகளின் வரி அச்சு அதில் பதிந்திருந்தது. அடுத்து வாக்குவம் கிளீனர். அதற்கும் பிறகுதான் சோப்புத் தண்ணீர், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, கை பம்பில் மெல்ல. எல்லாம் சேர்த்து ஒரு தலையணை உறையில் கால்வாசி இருக்கும். அதைக் குப்பை எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய் குடித்த இலவம்பஞ்சு பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும்.

என் கணிப்பு இதுதான்: முதல் நோயாளி ஃபேன் இல்லை, காற்று வழி. காற்று போகாததால் ரேடியேட்டர் ஆறாமல் ஃபேன் நீண்ட நேரம் ஓடியிருக்கிறது. நீண்ட நேரம் ஓடியதில் கார்பன் தேய்ந்திருக்கிறது. வலது நின்றபின் இடது மோட்டார், துருப்பிடித்த எர்த்தோடு, தனியாக மாட்டிக்கொண்டது.

நான் செய்த தவறு

மாமா அன்று மாலை ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். மீதியை நானே மாட்டினேன். இடது மோட்டாரின் கப்ளர் அப்படியே பொருந்தியது. வலது மோட்டாரின் கப்ளர் வடிவம் வேறு. பழைய கப்ளரை வெட்டிப் புது மோட்டாரின் ஒயரோடு சேர்க்க வேண்டியிருந்தது. புது ஒயர் இரண்டும் கறுப்பு, ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. கோடு போட்டது எர்த் என்று நானாக எடுத்துக்கொண்டேன். சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு, நேர்த்தியாக முடித்தேன்.

கூலன்ட் ஊற்றினேன். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, கொதிக்கவைக்கிற பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவது ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் விடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றி மூடினேன். ஏசி போட்டதும் இரண்டு ஃபேனும் உறுமிக்கொண்டு ஓடின. மனசு நிறைந்துவிட்டது.

கூலன்ட் சூட்டைப் போனில் காட்டும் ஓபிடி கருவியை வண்டியில் சொருகி, வாசலிலேயே ஏசியோடு ஓடவிட்டுப் பார்த்தேன். 88, 92, 95. நிற்கவில்லை. இருபது நிமிசத்தில் 104. இரண்டு ஃபேனும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, சூடு ஏறிக்கொண்டே இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். வாட்டர் பம்பா, கேஸ்கட்டா என்று மனசு போகாத இடமில்லை.

ராத்திரி மாமா வந்தார். கதையைக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் தலையணை உறைக்குள் கைவிட்டு, எண்ணெய் படாத பஞ்சில் ஒரு கொத்து எடுத்தார். “எஞ்சினைப் போடு, ஏசியைப் போடு.” கிரில்லுக்கு முன்னால் இடது பக்கம் பஞ்சைப் பிடித்து விட்டார். உறிஞ்சி, கிரில்லில் அப்பிக்கொண்டது. வலது பக்கம் பிடித்து விட்டார். பஞ்சு முன்னால் பறந்து அவர் சட்டையில் ஒட்டியது.

வலது ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இந்த மோட்டாரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் எதிர்த்திசையில் ஓடும். சத்தம் அதே, வேகம் அதே. கண்ணால் பார்த்தால் வட்டமாகத்தான் தெரியும். இடது ஃபேன் உள்ளே இழுத்த காற்றை வலது ஃபேன் சூட்டோடு வெளியே தள்ள, அதே சூட்டுக் காற்றை மறுபடி இடது இழுத்திருக்கிறது. இரண்டும் பாடுபட்டு ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. ரோட்டில் ஓடும்போது இன்னும் மோசம், எதிர்க்காற்றோடு அது மல்லுக்கு நிற்கும்.

வெட்டி, மாற்றிச் சேர்த்தேன். மறுபடி பஞ்சு வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அப்பியது. ஒயரைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே, பேட்டரியில் ஒரு நொடி கொடுத்து எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று உள்ளங்கையில் பார்த்திருக்க வேண்டும். நல்ல கடையில் வாங்கியதாலும் ஒயரின் நிறத்தாலும் இதை முடிவு செய்யக் கூடாது.

பிறகு

அதே வாசல், அதே ஏசி, முப்பது நிமிசம்: 91-க்கும் 94-க்கும் இடையில் நின்றது. கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு மோட்டாரும் ஒன்பது ஆம்பியர் சொச்சம். எர்த்தில் விழும் வோல்ட்டேஜ் 0.15. மறுநாள் காலை ஆறியதும் கூலன்ட் கால் லிட்டர் இறங்கியிருந்தது, உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதால். நிரப்பினேன்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். பழையதன் ரப்பர் கல்லாகியிருந்தது. மலையேறுகிறவர்களுக்கு மூடி சாதாரண விசயம் இல்லை. உயரம் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத ஏற்றம். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால், கீழே தாங்கிய சூட்டையே மேலே போகப் போகத் தாங்காது. நல்ல மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்தால் கொதிநிலை இருபது டிகிரி மேலே போய்விடும்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு மறுபடி ஏறினேன். அன்றும் வரிசை. புலியூத்து அருவிப் பக்கம் பத்து நிமிசம் நின்றோம். ஏசி குளிர்ந்தது, போனில் 97 தாண்டவில்லை. பதினேழு வளைவும் முடிந்து மேட்டில் டீ குடித்துவிட்டுப் பூப்பாறைக்கு இறங்கினோம். தங்கச்சி மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, “ஃபேன் ரெண்டும் சுத்துதா மச்சான்?” என்று கேட்டபடியே பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய வண்டியும் அதே வயசு. அன்று சாயங்காலம் அதன் எர்த் போல்ட்டைக் கழற்றினோம், அதிலும் துரு.

கிரில்லில் கொசுவலை கட்டிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நான் கட்டவில்லை. வலை பஞ்சைத் தடுக்கும், பஞ்சு அப்பிய வலை காற்றைத் தடுக்கும். அதற்குப் பதில் 2025-ல் சீசன் அடங்கிய வைகாசிக் கடைசியில் மேல் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு வருசத்துக்கு ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. இன்னும் வெள்ளையாக இருந்ததால் பிரஷ் பட்டதும் உதிர்ந்துவிட்டது.